கையும் களவும்

போலந்தின் வூச் நகரம், பிப்ரவரி.
ட்ராம் கம்பிகளில் பனி தடித்துக் கிடக்கும் காலை.
யாகோதா இன்றும்
வகுப்புக்குப் போகவில்லை.

காப்பகத்தின் நிலவறையில்
ஹீட்டர் பாதி நாள் எரியும்
மீதி நாள் இருமும்.
படத்தொகுப்பு மேசையின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி
ஏழு நிமிடப் பொம்மைப் படம் ஒன்றை
மூன்று வாரமாகப் பார்க்கிறாள்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு நரி.
கம்பளித் துணி உடம்பு, சட்டைப் பொத்தான் கண்.
கோழி தூங்குகையில் முட்டை திருட வருகிறது.
கதவுக்குள் முதலில் நுழைவது வால்.
அப்புறம்தான் நரி.
(அந்த வாலுக்காகத்தான்
அனிமேஷன் வரலாறு படிக்க வந்தேன் என்று
வழிகாட்டியிடம் எப்படிச் சொல்வது?)

நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது ஃப்ரேமில்
நரியின் கால் முட்டையை எட்டுகிறது.
அதே ஃப்ரேமில்
வலது ஓரத்திலிருந்து
ஒரு மனிதக் கை.

ஓட்டிப் பார்த்தால் தெரியாது.
மகரம் குறுகி ஒலிக்கும்
கால் மாத்திரையிலும் குறைவு.
ஏதோ கீறல், ஏதோ தூசி என்று
அறுபது ஆண்டாகப் பார்த்தவர்கள்
இமைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.
நிறுத்தினால் மட்டும்
கையும் களவுமாக.

திருட வந்தது நரி.
அகப்பட்டது வேறு யாரோ.

மணிக்கட்டில் சின்னக் கடிகாரம்,
நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது.
ஸ்வெட்டரின் கைநுனியில் ஒரு நூல் பிரிந்திருக்கிறது.
ஆள்காட்டி விரலின் நகம்
சதையோடு கடிக்கப்பட்டிருக்கிறது.
பெண் கை.

படத்தின் முடிவில் நான்கு பெயர்கள் வரும்.
நான்கும் ஆண்கள்.

சம்பளப் பதிவேட்டில்
"பொம்மை உதவி, மூவர்" என்று ஒரு வரி.
மூவருக்கும் சேர்த்து ஒரு தொகை.
பெயர் கிடைத்தது
கேன்டீன் கடன் நோட்டில்.
போகுமிலா கெம்ப்கா:
பீட்ரூட் சூப் பதினான்கு கோப்பை,
பாக்கி.

"சூப் குடித்தவள் எல்லாம்
நரி நகர்த்தியவள் ஆகிவிடுவாளா?"
காப்பகத்து செவெரின்
ஊறுகாய் வெள்ளரியைக் கடித்துக்கொண்டே கேட்டான்.
நியாயமான கேள்விதான்.
அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

ஊரில் பதினோரு கெம்ப்காக்கள்.
எட்டுப் பேர் தவறான எண் என்றார்கள்,
ஒருத்தி காப்பீடு விற்கிறாயா என்று திட்டினாள்.
பத்தாவது ஆள்,
குரலில் லாரி ஓட்டுநரின் களைப்பு.
"அம்மாவா? அம்மா நூற்பாலையில்தான் இருந்தாள்.
பொம்மையும் இல்லை, சினிமாவும் இல்லை."
வைத்துவிட்டான்.

வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கைதவறி விழுந்த ஃப்ரேம்.
அடிக்குறிப்பில் போடு.
அத்தியாயம் வேண்டாம்."

வியாழக்கிழமை இரவு பதினொன்றரைக்கு
அதே லாரிக் குரல் அழைத்தது.
பின்னணியில் எங்கோ நெடுஞ்சாலை.
"அம்மா நகம் கடிப்பாள்" என்றான்.
"ரத்தம் வரும்வரை கடிப்பாள்."
கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும்.
"ஆனால் எல்லோரும்தான் கடிக்கிறார்கள், இல்லையா?"

ஆமாம் என்றாள் யாகோதா.
தன் விரலைப் பார்த்துக்கொண்டாள்.

ஆய்வேட்டில் என்ன எழுதுவது?
எழுதி அடித்தாள், அடித்து எழுதினாள்.
ஒரு பெயரின் அருகே
ஒரு கேள்விக்குறி வைத்தாள்.
கேள்விக்குறியை எடுத்தாள்.
திரும்ப வைத்தாள்.

மறுநாள் காலை நிலவறையில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
நிறுத்தாமல், எண்ணாமல்,
முழுப்படத்தையும் அதன் வேகத்தில் ஓடவிட்டாள்.
கோழி தூங்கியது.
கதவு திறந்தது.
இப்போது ஓட்டத்திலேயே தெரிகிறது
கை.

முட்டை நகர்கிறது, வால் நகர்கிறது,
ஒவ்வொரு ஃப்ரேமிலும்
சற்று முன்புதான் விலகிப்போன கை.

நரியைத்தான்
எங்கு தேடியும் காணவில்லை.